பர்மா தேக்கு பீரோ: வார்னிஷைச் சுரண்டலாமா, அப்படியே விற்கலாமா?

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஐயா வீட்டைப் பிரிக்கிறோம், அதில் ஒரு பர்மா தேக்கு பீரோவின் விலை எனக்குப் பிடிபடவே இல்லை. 2012-ல் ஒரு வியாபாரி வீடு தேடி வந்து 70,000 கேட்டார், அப்பத்தா தரவில்லை. போன மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் மூன்று பழம்பொருள் கடைகளில் போட்டோ காட்டினேன். 28,000, 35,000, மூன்றாவது ஆள் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார்.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வருவதற்கு முன்பே அங்கிருந்து கொண்டுவந்ததாக ஐயா சொல்வார், எழுத்தில் எதுவும் இல்லை. உயரம் ஆறேகால் அடி, இரண்டு கதவு, பித்தளைக் கீல், உள்ளே ஆணியே இல்லாமல் மர முளை அடித்த இணைப்பு. கண்ணாடி ஓரத்தில் ரசம் போயிருக்கிறது, பின்பலகையில் ஒரு சாண் அளவுக்குக் கரையான். 2016-ல் சித்தப்பா ஆள் வைத்துப் பழைய அரக்கு பாலிஷை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு பளபளவென்று வார்னிஷ் அடித்தார், விலை இறங்கியது அதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆன்லைனிலும் போட்டேன், வந்தவர்கள் எல்லாம் மர விலைக்குத்தான் கேட்கிறார்கள். சென்னையில் ஒரு கடைக்காரர், இப்போது ஃபிளாட்டில் இவ்வளவு பெரிய சாமானுக்கு இடமில்லை, ஊஞ்சல், தூண், கதவு என்றால்தான் ஓட்டல்காரர்கள் வாங்குவார்கள் என்றார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் பாதியும் அதற்குக் கீழேயுமா?

விற்றவர்கள், ஆசாரி வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: வார்னிஷை எடுத்துவிட்டுத் திரும்ப அரக்கு பாலிஷ் போட்டால் விலை ஏறுமா, இல்லை தொடாமல் இப்படியே கொடுப்பதுதான் நல்லதா?