அருங்காட்சியகப் பொருளின் ஊர் எது: ஆய்வகத்தை நம்பலாமா?

பழுப்பேடு:
ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) விகிதம் பார்த்தால் எந்தப் பொருளும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கெட்டி அருங்காட்சியகம் 1980களில் வாங்கிய கூரோஸ் எனும் பழங்கிரேக்க பாணி இளைஞர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பளிங்கு தாசோஸ் தீவுக் கல், அதன் மேற்பரப்பு மாற்றம் நூற்றாண்டுகள் ஆகாமல் வராது என்று ஆய்வு சொன்னது. அப்புறம் அதே மாற்றத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். சந்தேகத்தை வலுப்படுத்தியது சிலையின் பழைய வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டிய ஒரு கடிதம். அதிலிருந்த தேதி 1952. அதிலிருந்த அஞ்சல் குறியீடோ 1972இல்தான் வந்தது.

மண்வாசி:
அந்தக் கதையில் பொய் சொன்னதே காகிதம்தானே! நெப்ரா வான் தட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1999இல் ஜெர்மனியில் மெட்டல் டிடெக்டரோடு போன இருவர் அதைத் திருட்டுத்தனமாகத் தோண்டி விற்றார்கள். 2002இல் பாசெல் நகரில் போலீஸ் மீட்டது. சுமார் 30 செ.மீ. அகலம், பச்சை படிந்த வெண்கலம், மேலே தங்கத்தில் பிறையும் விண்மீன்களும். தோண்டியவர்களின் கருவி பட்டு விளிம்பு சேதமாகியிருக்கிறது. தட்டில் ஒட்டியிருந்த மண்ணும் அதைத் தோண்டியெடுத்த மிட்டல்பெர்க் குன்றின் மண்ணும் ஒத்துப்போயின. அந்த மண்ணுக்கு எந்த ஏட்டால் பதில் சொல்ல முடியும்?

பழுப்பேடு:
அதே தட்டின் செம்பு ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையிலிருந்து, தங்கம் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து. உலோகத்தை மட்டும் பார்த்தால் எந்த நாட்டிடம் கொடுப்பீர்கள்? இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் வெண்கலங்களிலும் இதே சிக்கல்தான். அந்த உலோகம் ஜெர்மனியின் ரைன் பகுதித் தாதுவிலிருந்து வந்தது, வணிகத்தில் பணமாகப் புழங்கிய மனில்லா வளையங்களாக ஆப்பிரிக்காவுக்குப் போய் உருக்கப்பட்டது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் 1897இல் பிரிட்டிஷ் படை அவற்றை அள்ளிக்கொண்டு போனது எந்தக் கருவியிலும் தெரியாது.

உலைக்களம்:
இருவருமே ஆய்வகத்திடம் தவறான கேள்வியைக் கேட்கிறீர்கள். தாது எங்கே கிடைத்தது, வார்த்தது எங்கே, புதைந்து கிடந்தது எங்கே, எடுத்தது யார்? நான்கும் வெவ்வேறு கேள்விகள். ஈய ஐசோடோப்பு முதலாவதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஈயம் 206, 207, 208 ஆகியவற்றின் விகிதம் உருக்கினாலும் மாறாது, உண்மைதான். ஆனால் இரண்டு சுரங்கத்து உலோகத்தைக் கலந்தால் நடுவில் ஒரு விகிதம் வரும். அது சம்பந்தமே இல்லாத மூன்றாவது சுரங்கத்தோடு பொருந்திப்போகலாம். அதனால் 'இங்கிருந்து வரவில்லை' என்று உறுதியாகச் சொல்வது எளிது, 'இங்கிருந்துதான்' என்பது கடினம். எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் வேறு மாதிரி. அதை யாரும் உருக்கிக் கலப்பதில்லை, எரிமலைக்கு எரிமலை அதன் வேதிச் சேர்க்கையும் வேறு. அங்கே என் நம்பிக்கை அதிகம்.

மண்வாசி:
கைக்கருவியால் எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்ப்பது?

உலைக்களம்:
மேல்தோலைத்தான் அது படிக்கும். களிம்பு ஏறிய வெண்கலத்தில் மேலே ஒரு கலவை, உள்ளே வேறு. உள்ளே போக வேண்டுமென்றால் துளையிட வேண்டும், அதற்கு எல்லாக் காப்பாளர்களும் சம்மதிப்பதில்லை.

பழுப்பேடு:
மண் சாட்சி என்கிறீர்கள், சரி. விற்பவன் கழுவிவிட்டுத்தானே விற்கிறான்?

உலைக்களம்:
வெளியே கழுவலாம். உள்கூடான வார்ப்பின் வயிற்றில் அச்சுக் களிமண் மிஞ்சியிருக்கும், பிடரி மடிப்பிலும் பாதத்தின் அடியிலும் மண் தங்கியிருக்கும். அந்தக் களிமண்ணின் தாதுத் துகள்களைப் பார்த்து எந்தப் பகுதியில் வார்த்தார்கள் என்று கணிக்கிறார்கள். என் ஆதங்கமே இதுதான்: காட்சிக்கு வைக்கும் முன் 'சுத்தம்' செய்கிறோம் என்று அதையும் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள்.

பழுப்பேடு:
அச்சுக் களிமண் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், எனக்கு அது தெரியாது. ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972இல் வாங்கிய, பழங்கிரேக்க ஓவியர் யூஃப்ரோனியோஸ் தீட்டிய கலயம் 2008இல் இத்தாலிக்குத் திரும்பக் காரணம் திருட்டுத் தொல்பொருள் வணிகரின் ஜெனீவா கிடங்கு வழக்கில் சிக்கிய புகைப்படங்களும் ஆவணங்களும்தான். நான்காவது கேள்விக்கு இன்னும் ஏடுதான் பதில்.

மண்வாசி:
அந்த ஏடே இல்லாத பொருளுக்கு?

பழுப்பேடு:
அதற்கு உங்கள் மண்தான். சுரண்டாமல் விட்டிருந்தால்.