மூன்றாவது டவுனில் பிளிட்ஸ் வந்தால் என்ன செய்வது? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. டல்லாஸ் பக்கம் 12 வயதுப் பையன்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். அஃபென்ஸ், அதாவது பந்தோடு முன்னேறும் ஆட்டத்துக்குத் திட்டம் போடுவது என் பொறுப்பு.

1980களில் ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ், ஆட்டத்தின் முதல் 25 பிளேக்கள் (யார் எங்கே ஓடுவது, பந்து யாருக்கு என்ற திட்டங்கள்) வரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வார். வீரர்களை நிறுத்தும் எந்த ஃபார்மேஷனுக்கு எதிரணி எப்படி நகர்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்து நானும் 10 பிளே எழுதினேன். 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு டவுனில் (முயற்சியில்) முதல் இரண்டு நன்றாகவே போகிறது. மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவை என்றால்தான் சிக்கல். போன வாரம் எதிரணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் இரண்டு பேரும் பிளிட்ஸ் செய்து, அதாவது பந்து வைத்திருப்பவனை மடக்க நடுவில் பாய்ந்து வந்தார்கள். பந்தை எறிய வேண்டிய எங்கள் குவார்ட்டர்பேக் அதை மார்போடு அணைத்தபடியே விழுந்தான். எழுந்ததும் என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

இந்த மாதிரி பிளிட்ஸுக்கு ஸ்கிரீன் பாஸ் (பாய்பவர்களை வரவிட்டு, தடுப்பாளர்களுக்குப் பின்னால் இருப்பவனுக்குச் சின்னதாக எறிவது) சரியா, டிரா (எறிவது போல் காட்டி ஓடுபவனிடம் பந்தைக் கொடுப்பது) சரியா, இல்லை சின்ன ஸ்லான்ட் (குறுக்கே சாய்வாக ஓடுபவனுக்கு உடனே எறிவது) போதுமா? இந்த வயதில் எது சீக்கிரம் பழகும்? அப்புறம், கடைசி 20 யார்டுக்குத் தனியாக பிளே வைக்க வேண்டுமா? சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை எங்கள் கடைசிப் பயிற்சி, அதற்குள் தெரிந்தால் பழக்கிவிடுவேன்.