ரெடிஸ் 7.4-ல் இருந்து வால்கீக்கு மாறலாமா? யாரை நம்பி முடிவெடுப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் தளத்தில் செஷன், கேஷ் இரண்டும் ரெடிஸ் (நினைவகத்தில் தரவை வைக்கும் தரவுத்தளம்) 7.4-ல் ஓடுகின்றன. 2024 மார்ச்சில் ரெடிஸ் கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி திறந்த மூல உரிமத்தை விட்டதிலிருந்து, அதன் பழைய நிரலிலிருந்து பிரிந்த வால்கீயைக் காட்டி "உடனே வால்கீக்கு மாறு" என்கிறார்கள் சிலர், "ஒன்றும் ஆகாது" என்கிறார்கள் வேறு சிலர். இரு பக்கமும் பேசுகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு கிளவுட் நிறுவனத்திலோ தரவுத்தள நிறுவனத்திலோ சம்பளம் வாங்குகிறவர்கள். யார் சொல்வதையும் நம்பாமல் நாங்களே சரிபார்க்க என்ன செய்ய வேண்டும்? மாறுவதென்றால் எங்கே இடிக்கும்?

பதில் 1

உரிமத்தை நேரடியாகப் படித்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான். 7.4-க்கு ஆர்எஸ்ஏஎல்வி2, எஸ்எஸ்பிஎல் என்று இரண்டு உரிமங்கள். ஒன்றை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். ரெடிஸையே ஒரு சேவையாக வெளியாருக்கு விற்பவர்களைத்தான் இரண்டும் குறிவைக்கின்றன. எஸ்எஸ்பிஎல் 13-ஆம் பிரிவின்படி, அப்படி விற்பவர் பேக்கப், கண்காணிப்பு, நிர்வாக மென்பொருள் வரை மூலநிரலை வெளியிட வேண்டும். சொந்தத் தளத்துக்குள் கேஷாக வைத்திருப்பவரை இது தொடாது. 2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8-ல் ஏஜிபிஎல்வி3 என்ற திறந்த மூல உரிமமும் சேர்ந்தது. ஆகவே சட்டத்துக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. நாளைக்கு மறுபடியும் மாற்றினால் என்ன செய்வது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

பதில் 2

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். "ஓப்பன் சோர்ஸா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உரிமத்தை மாற்றும் அதிகாரம் யார் கையில் என்று பாருங்கள்.

சிஎல்ஏ (பங்களிப்பவர் தன் நிரல் மீது நிறுவனத்துக்கு உரிமை தரும் ஒப்பந்தம்) கையெழுத்து கேட்கும் திட்டத்தில் அந்த அதிகாரம் பெரும்பாலும் நிறுவனத்திடம் போய்விடுகிறது. டெராஃபார்ம் என்ற உள்கட்டமைப்புக் கருவி 2023 ஆகஸ்டில் எம்பிஎல் என்ற திறந்த மூல உரிமத்திலிருந்து, போட்டியாளர்களைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்எல்லுக்குத் தாவியது அப்படித்தான். லினக்ஸ் கர்னலில் சிஎல்ஏ கிடையாது, டிசிஓ (இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி) மட்டும்தான். ஜிபிஎல்வி2 உரிமத்தின் கீழ் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பதால் யாராலும் தனியாக மாற்ற முடியாது. ரெடிஸோ வேறு வகை. பிஎஸ்டி உரிமமே, பழைய பதிப்புரிமை, உரிமக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிய பதிப்பை வேறு நிபந்தனையில் வெளியிட இடம் கொடுக்கிறது. வால்கீயும் பிஎஸ்டிதான் என்பதை மறக்க வேண்டாம். அங்கே காப்பு வேறு இடத்தில்: பெயரும் திட்டமும் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம், நிரலைச் சேர்க்கும் உரிமை பல நிறுவனத்தாரிடம்.

இதையும் நம்ப வேண்டாம், களஞ்சியத்தில் பாருங்கள். யார் எத்தனை மாற்றம் செய்தார்கள் என்று காட்டும் கிட் ஷார்ட்லாக் கட்டளையைக் கடந்த ஓராண்டுக்கு ஓட்டி மின்னஞ்சல் டொமைன்வாரியாகப் பிரியுங்கள். ஒரு சிக்கல்: பலர் ஜிமெயிலிலிருந்து அனுப்புவார்கள், பல கமிட்டுகளை ஒன்றாக்கி (ஸ்குவாஷ்) இணைத்தால் கமிட்டர் இடத்தில் "கிட்ஹப்" என்றே விழும். அதனால் கடைசி 100 புல் ரிக்வெஸ்ட்டை (நிரல் மாற்றக் கோரிக்கையை) யார் ஒப்புதல் கொடுத்து இணைத்தார்கள் என்று கையால் எண்ணுங்கள். பாதிக்கு மேல் ஒரே நிறுவனமென்றால் அது அந்த நிறுவனத்தின் திட்டம்தான், இணையதளத்தில் "சமூகம்" என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் சரி.

பதில் 3

மாறுவதாக முடிவெடுத்தால்: 7.2 வரை இருப்பவர்களுக்குச் சுலபம், வால்கீயை ரெப்ளிகாவாக (நகல் சர்வராக) இணைத்து, ஆஃப்செட் (நகல் எதுவரை வந்தது என்று காட்டும் எண்) சமமானதும் பிரித்துவிடலாம். 7.4-ல் அது நடக்காது. அதன் ஆர்டிபி (தரவின் ஸ்னாப்ஷாட் கோப்பு) வடிவம் 12. வால்கீ 8 படிப்பது 11 வரைதான். ஒரு கீயை எடுத்து வேறிடத்தில் வைக்கும் டம்ப், ரிஸ்டோர் கட்டளைகளும் அதே எண்ணைப் பார்ப்பதால் தோற்கும்.

வழி ஏஓஎஃப், அதாவது தரவை மாற்றும் கட்டளைகளை வரிசையாகச் சேமிக்கும் கோப்பு. "ஏஓஎஃப்-யூஸ்-ஆர்டிபி-ப்ரீஆம்பிள்" அமைப்பை "நோ" ஆக்கி, அப்பெண்ட்ஒன்லியை இயக்கி, அந்தக் கோப்பைப் புதிதாக எழுத வைக்கும் பிஜிரீரைட்ஏஓஎஃப் கட்டளையைக் கொடுங்கள். முடிந்ததும் அடிப்படைக் கோப்பின் பெயரைப் பாருங்கள்: கடைசியில் ஏஓஎஃப் என்று இருக்க வேண்டும். ஆர்டிபி என்றிருந்தால் இன்னும் பழைய வடிவம்தான். புதிய தரவு எழுதப்படுவதை நிறுத்திவிட்டு, மேனிஃபெஸ்ட் (கோப்புப் பட்டியல்) உட்பட முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள். மேனிஃபெஸ்ட் விடுபட்டால் வால்கீ காலியாகத்தான் எழும்பும், பிழைச்செய்தி வராமலும் போகலாம். டிபிசைஸ் கட்டளை காட்டும் கீகளின் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

ஹெச்எக்ஸ்பயர் (ஹாஷின் தனித்தனிப் புலத்துக்குக் காலாவதி வைக்கும் கட்டளை) பயன்படுத்தியிருந்தால் வால்கீ 8 ஏற்றும்போதே நின்றுவிடும், 9 வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஏஓஎஃப் வேண்டாம், ஸ்கேன் (கீகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டு ஒவ்வொரு கீயாக நாங்களே ஸ்கிரிப்ட்டில் நகர்த்தினால்?

பதில் 3

நகர்த்தலாம், பிடிடிஎல்லையும் (கீ காலாவதியாக மீதமுள்ள நேரம்) கூடவே எடுத்துப் போங்கள். அதை விட்டால் எந்த செஷனும் காலாவதியாகாது, சில நாளில் நினைவகம் நிரம்பிவிடும். ஸ்கேன் ஓடும்போது வரும் புதிய கீகளும் தப்பலாம். புதிய தரவு எழுதப்படுவதை நிறுத்திய பின் இன்னொரு சுற்று ஓட்டுங்கள்.