ஃபியூஷியாவை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க: ஊருக்கு ஊர் அனுபவம்

சென்னை, அண்ணா நகர்:
ஊட்டி நர்சரியில் வாங்கிய ஃபியூஷியா (குளிர் இடங்களில் வளரும், தொங்கும் பூக்கள் கொண்ட அழகுச்செடி). தொட்டி மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மதியமானால் வாடிவிடுகிறது. இன்னும் தண்ணீர் விடலாமா? மலையில் வருடக்கணக்கில் நிற்கும் செடி இங்கே நிற்காதா?

ஊட்டி:
தண்ணீர் விடாதீர்கள். வெயில் ஏறும்போது இலை இழக்கும் நீரை வேர் ஈடுகட்ட முடியாமல் செடி துவளும். மாலையில் தானே நிமிர்ந்தால் வேர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வாடுவதைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றினால் சூடான ஈர மண்ணில் வேர் அழுகும். அப்புறம் மாலையிலும் நிமிராது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்த பிறகே தண்ணீர்.

பகலில் 30 டிகிரிக்கு மேல் போய் இரவிலும் குளிராத ஊரில் மொட்டு உதிரும், வளர்ச்சி நிற்கும். கடலோரச் சமவெளியில் இதை ஒரு பருவச் செடியாக நினைப்பதே நல்லது.

இங்கே 2,240 மீட்டர் உயரத்தில் வெயில் பிரச்சினை இல்லை, தென்மேற்குப் பருவமழைதான் பிரச்சினை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடாத ஈரத்தில் பூவும் நுனியும் சாம்பல் பூஞ்சணம் பிடித்து அழுகும். உதிர்ந்த பூவை அன்றாடம் பொறுக்கிவிட்டாலே பாதி குறையும். தொட்டிக் கலவை: தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, இலைமக்கு 1, பருமணல் 1, கைப்பிடி மண்புழு உரம். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கக் கூடாது.

டிசம்பர், ஜனவரியில் திறந்தவெளியில் உறைபனி விழும். தொட்டியை இறவாணத்துக்கு அடியில் நகர்த்தினால் போதும். கவாத்து பிப்ரவரி கடைசியில், உறைபனி முடிந்த பிறகு. துளிர் மூன்று ஜோடி இலை விட்டதும் நுனி கிள்ளுங்கள். கடைசியாகக் கிள்ளியதிலிருந்து ஒற்றை அடுக்குப் பூ வர ஏறக்குறைய 8 வாரம், அடுக்குப் பூவுக்கு 10 வாரம். மே மாத மலர்க் கண்காட்சிக்குப் பூக்க வேண்டுமென்றால் மார்ச் நடுவோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அடுக்கு ரகமென்றால் மார்ச் தொடக்கத்திலேயே.

பெங்களூரு:
சமவெளி என்று முழுக்கக் கைவிட வேண்டாம். டிரிஃபில்லா வகை, அதாவது 'கார்ட்டன்மைஸ்டர் பான்ஸ்டெட்', 'தாலியா' போன்ற நீளக் குழல் பூ ரகங்கள் வெப்பத்தை மற்றவற்றைவிடத் தாங்கும். அந்த இனமே கரீபியத்தின் ஹிஸ்பானியோலா தீவைச் சேர்ந்தது. கிழக்குப் பார்த்த பால்கனி, 50 சதவீத நிழல்வலை, மண்தொட்டி. ஏப்ரல், மே மாதங்களில் உரத்தை அறவே நிறுத்துங்கள். ஆனால் இது உறைபனியைத் தாங்காது. ஊட்டி நண்பர்கள் வெளியில் விட வேண்டாம்.

லண்டன், ஹாரோ:
இங்கே கதை வேறு. ஃபியூஷியா மகெல்லானிகா சிலி, அர்ஜென்டினாவின் தென்கோடியிலிருந்து வந்தது. அதன் ரத்தம் கலந்த 'ரிக்கார்ட்டோனி', 'மிஸஸ் பாப்பிள்' எல்லாம் தரையிலேயே குளிர்காலத்தைக் கடக்கும். தண்டு கருகினாலும் தூர் செத்துப்போகாது. அயர்லாந்தின் கெர்ரி, கார்க் பக்கம் 'ரிக்கார்ட்டோனி' சாலையோர வேலியாகவே மண்டிக் கிடக்கிறது.

நடும்போது தொட்டியில் இருந்ததைவிட 5 செ.மீ. ஆழமாக நடுங்கள், மண்ணுக்குள் இருக்கும் கணுக்கள்தான் பின்னால் துளிர்க்கும். ஜூனுக்குள் நட்டுவிட வேண்டும். செப்டம்பரில் நட்டது வேர் பிடிக்காமல் முதல் குளிரிலேயே போகும். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நடுங்கள், இங்கே குளிரைவிடக் குளிர்கால ஈரம்தான் அதிகம் கொல்கிறது. நவம்பரில் 10 செ.மீ. மரப்பட்டை மூடாக்கு.

இலையுதிர் காலத்தில் வெட்டாதீர்கள். காய்ந்த தண்டு தூருக்கு ஒரு காப்பு. ஏப்ரலில் அடியில் துளிர் தெரிந்ததும் தரையோடு வெட்டலாம். மே கடைசி வரை எதுவும் வரவில்லை என்று தோண்டிப் போடுகிறவர்கள் பலர், அவசரம் வேண்டாம்.

நுனி வீங்கி, சிவந்து, முறுக்கிக்கொண்டால் அது கழலைச் சிலந்திப்பேன். பிரிட்டனில் 2007-ல் தென்பட்டது. கண்ணுக்குத் தெரியாது, மொட்டுக்குள் ஒளிந்திருப்பதால் மருந்தும் சரியாகப் படாது. நல்ல தண்டு வரை வெட்டி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள், கத்தரியைத் துடையுங்கள். 'மைக்ரோஃபில்லா', 'தைமிஃபோலியா' இனங்களை இது அவ்வளவாகத் தொடாது.

டொராண்டோ, ஸ்கார்பரோ:
ஹாரோ அக்கா சொன்ன "இலையுதிர் காலத்தில் வெட்டாதே" தரைச் செடிக்குத்தான். இங்கே தொட்டியை உள்ளே எடுப்பதால் அக்டோபரில் வெட்டியே ஆக வேண்டும். செப்டம்பரோடு உரம் நிறுத்தம். முதல் உறைபனிக்கு முன் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, இலையை முழுக்க உருவிவிடுங்கள். இலையோடு வைத்தால் பூஞ்சணமும் வெள்ளை ஈயும் கூடவே வரும். மேல்மண்ணைக் கிளறி, சி வடிவில் வளைந்த வெள்ளைப் புழு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மண்ணை உதறி மாற்றுங்கள், இல்லையென்றால் வசந்தத்தில் வேரே இருக்காது.

வைக்கும் இடம் 4 முதல் 7 டிகிரி, இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஹீட்டர் ஓடும் பேஸ்மென்ட் உதவாது. அங்கே வெளுத்த தளிர் நீண்டு செடி சோர்ந்துவிடும். முன்வாசல் படிக்குக் கீழே இருக்கும் கோல்ட் ரூம் சரி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மண் தூளாகக் காயவும் கூடாது, நனைந்து கிடக்கவும் கூடாது. சந்தேகமென்றால் பட்டையை நகத்தால் கீறுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மார்ச்சில் வெளிச்சத்துக்கு எடுத்து மண் மாற்றுங்கள். வெளியே வைப்பது மே கடைசியில், முதல் வாரம் நிழலில்.

சென்னை, அண்ணா நகர்:
மாலையில் நிமிர்கிறது! நிழலுக்கு மாற்றிவிட்டேன். இதிலிருந்து குச்சி வெட்டி வைக்கலாமா?

ஊட்டி:
பூக்காத நுனியாக, இரண்டு கணுவோடு மூன்று அங்குலம். அடி இலையை எடுத்துவிட்டு ஈர நார்த்தூளில் செருகுங்கள். 15 முதல் 18 டிகிரியில் மூன்று வாரத்துக்குள் வேர்விடும். உங்கள் ஊரில் டிசம்பருக்கு முன் முயல வேண்டாம்.