அதே 0.025, அப்புறம் நடுக்கம் எங்கே?

ஊசிமுனை:
ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு கேட்க நாங்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார்: "பழைய டெக்னிக்ஸ் 1200 எம்கே2 டர்ன்டேபிளில் மோட்டார் திக்கித் திக்கித்தான் சுற்றும். வீணையில் நீளமாக நிற்கும் ஒரு ஸ்வரத்தைக் கேட்டாலே நடுக்கம் தெரிந்துவிடும். புது 1200ஜி வாங்காதவன் இன்னும் ரெக்கார்டே கேட்கவில்லை." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து விவரக் குறிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 1979இல் வந்த எம்கே2: வாவ்-ஃப்ளட்டர், அதாவது சுற்றும் வேகம் ஏறி இறங்கும் அளவு, 0.025 சதவீதம். 2016இல் வந்த ஜி: 0.025 சதவீதம். 2019இல் வந்த எம்கே7: அதுவும் 0.025. அப்புறம் நடுக்கம் எங்கே?

வட்டத்தட்டு:
அந்த ஒருவர் நான்தான். நேரில் கேட்டிருக்கலாம். அங்கே வாயே திறக்காமல் காபி குடித்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறீர்கள். புது மோட்டாரில் இரும்பு உள்ளகம் இல்லை, அதனால் காந்தம் பிடித்துப் பிடித்து விடும் அந்தத் துடிப்பும் இல்லை என்று நிறுவனமே சொல்கிறது. ஜியில் ரெக்கார்டு வைக்கும் தட்டு 3.6 கிலோ, எம்கே2வில் சுமார் 2 கிலோ. தொடக்க முறுக்குவிசை எம்கே2வில் 1.5 கிலோ-சென்டிமீட்டர், ஜியில் 3.3. இத்தனையும் வீணா?

ஊசிமுனை:
கிலோ கணக்கு நான் கேட்கவில்லை சார். அத்தனை கிலோவும் சேர்ந்து 0.025ஐ 0.024 ஆக்கியதா? இல்லையே.

மேடைராகம்:
ஒரு நிமிடம். "பழையது" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? 1200 வரிசை 2010 வரை வந்துகொண்டிருந்தது. 1980இல் வாங்கியதும் 2009இல் பெட்டி பிரித்ததும் ஒன்றா? இதை முடிவு செய்யாமல் எப்படிப் பேசுவது?

வட்டத்தட்டு:
எம்கே2 கையேட்டை முழுசாகப் படித்தீர்களா ஊசிமுனை? அதே வரியில் 0.01 என்று இன்னொரு எண்ணும் இருக்கிறது. அது தட்டும் மோட்டாரும் மட்டும். 0.025 என்பது ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர முறைப்படி எடுத்த வேறு அளவு. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

ஊசிமுனை:
எனக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள், நன்றி. மோட்டாரும் தட்டும் மட்டும் 0.01 என்றால், 1979லேயே மோட்டார் அவ்வளவு சுத்தம். ஒரு கணக்கு போடுங்கள். ரெக்கார்டின் நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது, ஊசி 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஓடுகிறது. வேகம் 0.5 சதவீதம் ஏறி இறங்கும். 0.025க்கு இருபது மடங்கு! ஊசி உள்பக்கம் போகப் போக இன்னும் மோசம். உங்கள் வீணை நடுங்கியது துளையால். அதற்கு 1200ஜி வாங்கினாலும் அதே துளைதான், அதே நடுக்கம்தான்.

வட்டத்தட்டு:
துளை தள்ளினால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது 1.8 நொடிக்கு ஒரு தடவை சுருதி மெதுவாக ஏறி இறங்கும். நான் சொல்வது பொடிப்பொடியான நடுக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத காதோடு என்ன பேச?

ஊசிமுனை:
காதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். பொடி நடுக்கமும் அந்த எண்ணுக்குள்தான் அடக்கம். 0.025.

ஆறாம்விரல்:
பழசு வாங்கச் சொல்கிறவர்கள் இதையும் சொல்லுங்கள். ஜப்பானில் ஓடிய ஒரு டர்ன்டேபிளை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். 100 வோல்ட் என்று அவர் சொல்லவில்லை. நம் 230இல் செருகினேன், புகை வந்தது. தட்டையும் எதிர் எடையையும் கழற்றாமலே பார்சல் கட்டியிருந்தார், ஊசியைத் தாங்கும் கை, அதாவது டோன் ஆர்ம், அதன் பேரிங்கும் போச்சு. இரண்டு மாதச் சம்பளம் அண்ணே.

வட்டத்தட்டு:
கேளுங்கள், கேளுங்கள். இதைத்தான் நான் சொன்னேன்.

ஊசிமுனை:
நீங்கள் இதைச் சொல்லவே இல்லை. நடுக்கம் என்று சொன்னீர்கள். தம்பி, உங்களுக்கு நடந்தது கொடுமைதான், ஆனால் அது விற்றவர் செய்தது. பின்பக்கத் தகட்டில் வோல்ட் பார்க்காமல் எந்தப் பழைய மெஷினையும் செருகக் கூடாது.

ஆறாம்விரல்:
பார்க்கத் தெரிந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேனா? புதுசு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. அதோடு எம்கே7இல் நிமிடத்துக்கு 78 சுற்று வேகமும் இருக்கிறது. தாத்தா வைத்திருந்த பழைய 78 வேக பாகவதர் ரெக்கார்டுகளை எம்கே2வில் எப்படிப் போடுவது?

ஊசிமுனை:
78 புதுசின் சொத்து இல்லை. 1975இல் வந்த டெக்னிக்ஸின் இன்னொரு மாடல் எஸ்பி-10 எம்கே2விலேயே 78 உண்டு. அப்புறம், வேகம் மட்டும் போதாது தம்பி. அந்த ரெக்கார்டுக்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி வேண்டும். எல்பி ஊசி 0.7 மில்தான், அகலக் கோட்டின் அடியில் போய் உராயும். தாத்தாவின் ரெக்கார்டை தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள்.

வட்டத்தட்டு:
எஸ்பி-10இல் டோன் ஆர்மே கிடையாது, தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரர். போன வருஷம் எனக்கு விற்ற ரெக்கார்டு வளைந்திருந்தது என்று சொன்னபோதும் இப்படித்தான், "உங்கள் வீட்டு வெயில்" என்றார்.

ஊசிமுனை:
நேராக இருந்த ரெக்கார்டு அது! படம் எடுத்து அனுப்பினேன். நீங்கள் மூன்று வாரம் மொட்டை மாடி அறையில் வைத்திருந்தீர்கள். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

மேடைராகம்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஊசிமுனை:
சரி, நேராகவே வருகிறேன். அடுத்த ஞாயிறு என் எம்கே2வைத் தூக்கி வருகிறேன். உங்கள் ஜி, ஊசி பொருத்திய ஒரே மாதிரி இரண்டு கார்ட்ரிட்ஜ், ஒரே பதிப்பில் இரண்டு ரெக்கார்டு. இரண்டையும் துணி போட்டு மூடிவிடலாம். பத்துத் தடவையில் எட்டுத் தடவை எது ஜி என்று சொல்லிவிடுங்கள்.

வட்டத்தட்டு:
நாற்பது வருஷமாகக் கச்சேரி கேட்ட காது இது. அதற்குப் பரீட்சை வைக்க நீங்கள் யார்? வரமாட்டேன்.

ஊசிமுனை:
வராவிட்டால் போங்கள். மூன்று மெஷின், மூன்று வருஷம், ஒரே எண். 0.025.