‘ஈரநில வேளாண்மை’ என்ற சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘பாலுடிகல்ச்சர்’ (paludiculture) என்ற சொல்லுக்குத் தமிழாக நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘ஈரநில வேளாண்மை’யை என்னால் ஏற்க இயலவில்லை. அதைப் படிக்கும் தமிழர் மனத்தில் நன்செயும் நெல்லும்தான் எழும். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உருவான அச்சொல் குறிப்பதோ, வடிகால் வெட்டாமல், உழாமல், சதுப்பு நிலத்தை ஈரமாகவே விட்டு, மேலே வளர்வதை மட்டும் அறுத்தெடுக்கும் முறையை. அந்நாட்டின் மல்ஹீன் நகரில் 2014 முதல் இப்படி அறுத்த புல்லை எரித்து வீடுகளுக்கு வெப்பம் தருகிறார்கள். நம்மிடம் இதற்கு நெருங்கிய உறவு காவிரிக்கரைப் பாய்க்கோரை: வேரை விட்டு அறுத்தால் மறுதாம்பு துளிர்க்கும். அதைக் ‘கோரைச் சாகுபடி’ என்றே சொல்கிறார்கள். எனவே ‘சதுப்புச் சாகுபடி’ என்பது என் பரிந்துரை. வயலைக் குறிக்கும் பழஞ்சொல்லான ‘பழனம்’ அழகானதுதான். ஆனால் அதுவும் வயலுக்கே இழுத்துச் செல்லும்.

கனடாவின் வின்னிபெக் ஏரியை ஒட்டிய சதுப்பில் சம்பங்கோரை அறுப்பதையும் இதே சொல்லில் அடக்குவது சரியன்று. அங்கே யாரும் எதையும் நடவில்லை; வயல்களிலிருந்து வந்து சேரும் உரச்சத்தான பாஸ்பரஸைச் செடி உறிஞ்சிக்கொள்ள, செடியோடு அதை வெளியேற்றுவதே நோக்கம், எரிபொருள் கூடுதல் வரவு. ‘களை அகற்றல்’ என்றால் இந்தக் கருத்து விழுந்துவிடும். போன ஆண்டு எங்கள் பகுதி ஏரியில் பொக்லைன் வைத்து வெங்காயத்தாமரையை வாரிக் கரையிலேயே குவித்தார்கள். பத்து நாளில் குவியல் அமுங்கி, அடியிலிருந்து கறுத்த நீர் கசிந்து மறுபடி ஏரிக்கே இறங்கியது. களை அகன்றது, உரம் அகலவில்லை.

ஆகவே இதற்கு ‘உரமீட்பு அறுவடை’ எனலாம். எரித்த பின்னும் பாஸ்பரஸ் சாம்பலில் தங்குவதால் ‘மீட்பு’ பொருந்துகிறது. ஏரி மீட்பு என்றாலே ஆக்கிரமிப்பு அகற்றலை நினைக்கும் சென்னையில் ‘மீட்பு’ என்ற சொல்லால் குழப்பம் வருமே என்று நம் உரையாடலில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார்கள். முன்னே ‘உரம்’ நிற்பதால் வராது என்று நினைக்கிறேன்.

விளக்கத்தில் பருவத்தையும் சேர்க்க வேண்டும். சம்பங்கோரை காய்ந்தபின் அறுத்தால் எரிப்பதற்கு எளிது, ஆனால் அதற்குள் சத்தில் பெரும்பங்கு கிழங்குக்கு இறங்கிவிடும். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, ஏரிக்கு வடியாத இடத்தில் உலர்த்துவதையே இச்சொல் குறிக்கட்டும்.