புதுப்பிப்பு: பித்தளை நட்டு கோத்த கைப்பட்டை – பச்சைக் கறை நின்றுவிட்டது

ஹார்டுவேர் கடையில் வாங்கிய பித்தளை நட்டுகளை மெழுகு பூசிய பருத்திக் கயிற்றில் கோத்துப் பின்னிய கைப்பட்டை, வியர்வை பட்டதும் மணிக்கட்டில் பச்சைக் கறை படிய வைக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது நிறமற்ற லாக்கர் ஸ்பிரேதான் (உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகக் காயும் பூச்சு). ஆனால் சூட்சுமம் அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. புது நட்டின் மரையில் (உட்புறத் திருகு வரிகளில்) எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அதன்மேல் எந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது. பாத்திரச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் மரை இடுக்குகளைத் தேய்த்தேன். பிறகு புளி போட்டுத் துலக்கி, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்தினேன். கம்பியில் தொங்கவிட்டு, ஒரேயடியாகக் கனமாக அடிக்காமல், மெல்லிதாக இரண்டு பூச்சு கொடுத்தேன். முழுதாகக் காய்ந்த பிறகே கோக்க வேண்டும்.

இங்கே சொல்லப்பட்ட, நெயில் பாலிஷ் பூசும் யோசனையையும் சில நட்டுகளில் செய்து பார்த்தேன். அறுகோண முனைகளில் சீக்கிரமே உரிந்துவிட்டது. தட்டையான வாஷருக்கு வேண்டுமானால் போதும்.

எதிர்பாராத ஒன்று: காந்தத்தை அருகில் கொண்டுபோனபோது சில நட்டுகள் ஒட்டிக்கொண்டன! அவை மஞ்சள் முலாம் பூசிய இரும்பு. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை காந்தத்தில் ஒட்டாது. முலாம் பூசியவற்றைப் புளியில் போட்டால் முலாம் அரித்து, பின்னர் துருப்பிடிக்கும். ஆகவே கடைக்குப் போகும்போதே சிறிய காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

லாக்கர் நிரந்தரமல்ல. தோலில் உரசும் உட்பக்கம்தான் முதலில் தேய்கிறது. அங்கே மட்டும் மறுபடி பூசினால் போதும்.